மண்ணூரிக்கு ஒரு முகம்

கிசாரு குன்று,
வோய் அஞ்சல்.
செவ்வாய்க்கிழமை.

நைரோபியில் விளம்பரத் தொழில் நடத்திவரும் மரியாதைக்குரிய மைத்துனர் கிலாலோ அவர்களுக்கு, உங்கள் அக்காள் கணவனும், ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தாவும், கிசாரு குன்று மண்ணூரிப் பாதுகாப்புக் குழுவின் தலைவனுமாகிய ஹேபல் கிசோம்பே எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அக்காள் மாலெம்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போன மாதம் தொலைபேசியில் நீங்கள், "அத்தான், நான் சொன்ன யோசனையெல்லாம் எப்படிப் போச்சு?" என்று கேட்டீர்கள். உங்கள் அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்ததால், "எல்லாம் நல்லபடியா போச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன். நல்லபடியாகப் போகவில்லை. எப்படிப் போயிற்று என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

உங்களுக்கு வேலை அதிகம், மறந்திருப்பீர்கள், ஆகவே முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் நைரோபியிலிருந்து டாக்டர் முவேனி என்று ஒரு பெண் வந்தார். ஊசி போடும் டாக்டர் அல்ல, பிராணிகளைப் பற்றிப் படித்தவர். எங்கள் தோட்டங்களில் மண்வெட்டியால் கொத்தும்போது தட்டுப்படுமே, மண்புழுவைப் போல ஊதாவும் பழுப்புமாக ஒரு சாண் நீளத்துக்கு ஒன்று, அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார். நாங்கள் மண்ணூரி என்போம், பெண்கள் பாம்பு என்பார்கள், இரண்டு தரப்பும் பார்த்த இடத்தில் வெட்டிப் போடுவோம். அவர் சொல்லித்தான் தெரிந்தது, அது புழுவும் இல்லை, பாம்பும் இல்லை, கால் இல்லாத தவளை இனமாம். கண் தோலுக்கு அடியில் மூடிக் கிடக்குமாம். உலகத்தில் இந்தக் குன்றைத் தவிர வேறெங்கும் கிடையாதாம். மண் ஈரமாக இருந்தால்தான் பிழைக்குமாம். ஊற்றோரம் முழுக்க நாங்கள் வரிசையாகத் தைல மரம் வைத்து, மரம் தண்ணீரை உறிஞ்சி, ஓடை மணலாகி, மண் சட்டியில் வறுத்த மாதிரி ஆகிவிட்டது. அந்த மரங்களை எடுத்துவிட்டு நம் ஊர்க் காட்டத்தியும் மற்றதும் வைத்தால் மண்ணூரியும் பிழைக்கும், ஊற்றும் பிழைக்கும் என்றார். மண்ணூரி விஷயத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் ஊற்று என்றதும் தலையாட்டினோம். பெண்கள் அப்போதே தண்ணீருக்கு ஒரு மணி நேரம் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். குழு அமைந்தது. ரயில்வேயில் இருந்தவன் மனு எழுதத் தெரிந்தவன் என்று என்னைத் தலைவனாக்கினார்கள்.

மனு எழுதினேன். நாற்றங்காலுக்கும் கருவிகளுக்கும் உதவி கேட்டு ஏழு அறக்கட்டளைகளுக்கு எழுதினேன். ஆறு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் புகைப்படம் கேட்டார். வோயில் படம் பிடிக்கிற கடைக்காரரைக் கூட்டி வந்து எடுத்து அனுப்பினோம். படத்தில் அது செருப்பு வார் அறுந்து கிடப்பது போல இருந்தது. அந்த அலுவலகத்திலிருந்து, மிக்க நன்றி, பிராணியின் முகம் தெரியும்படி ஒரு படம் அனுப்ப முடியுமா என்று எழுதினார்கள். அதுவும் எடுத்து அனுப்பினோம். மறுபடியும் நன்றி சொல்லி, இந்த முறையும் தவறுதலாக வாலை அனுப்பிவிட்டீர்கள் என்று எழுதினார்கள். டாக்டர் முவேனி அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இதே காலத்தில் குன்றுக்குக் கீழே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கொல்லைக்காரர் மகாங்காவின் சோளத்தை யானை தின்றது. ஒரே யானை, நான்கு தடவை. நான்காவது தடவை தண்ணீர்த் தொட்டியையும் உடைத்தது. மகாங்கா புகார் கொடுக்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது, அந்த யானைக்கு ஒரு பெயர் இருக்கிறது, மூன்று நாடுகளில் அதைத் தத்து எடுத்துக்கொண்ட குடும்பங்கள் இருக்கின்றன, பிறந்தநாளுக்கு அதற்கு வாழ்த்து அட்டை வருகிறது. மகாங்கா திரும்பி வந்து என் வீட்டு வாசலில் நின்று, "ஹேபல், நானும் குட்டியா இருந்தப்ப அழகாத்தான் இருந்தேன், என்னை யாரும் தத்து எடுக்கல" என்றார். அவர் சோளத்தில் பாதியாவது அந்த வருடம் வீட்டுக்கு வந்திருந்தால் இதை நான் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன்.

அப்போதுதான் உங்களைக் கேட்டேன். சோப்பை விற்பவருக்கு மண்ணூரியை விற்கவும் தெரியும் என்று நினைத்தேன். நீங்கள் உடனே சொன்னீர்கள், பெயரில்லாததற்கு யாரும் பரிதாபப்பட மாட்டார்கள், முதலில் ஒரு பெயர் வையுங்கள், நல்ல பெண் பெயராக வையுங்கள் என்று. சரி என்று குழு கூடி நேமா என்று வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் எழுந்து நின்று அறிவிப்பு செய்தேன். நேமாவுக்கு இந்தக் குன்றில் வாழ வழியில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது, அவள் தோல் நாளுக்கு நாள் காய்கிறது, நம் அலட்சியம்தான் காரணம், ஆளுக்கு முடிந்ததைச் செய்ய வேண்டும் என்று சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன், இரண்டு பேர் அழுதார்கள். போதகரின் மனைவி பெயரும் நேமா என்பது எனக்குத் தெரியாததில்லை, அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்த அம்மாள் அன்றைக்குத் தலைவலி என்று ஆராதனைக்கு வரவில்லை, போதகர் மொம்பாசா போயிருந்தார். மத்தியானத்துக்குள் அந்த வீட்டு வாசலில் கஞ்சிப் பானையும் கோழியும் தோலுக்குத் தடவும் களிம்பும் வைத்துக்கொண்டு முப்பது பெண்கள் நின்றார்கள். நல்லாத்தானே இருக்கேன் என்று அந்த அம்மாள் சொல்லச் சொல்ல, பாவம், எவ்வளவு பொறுமை என்று அவர்கள் இன்னும் அழுதார்கள். போதகர் புதன்கிழமை திரும்பினார். என்னிடம் அவர் பேசியதை எழுத வேண்டியதில்லை. மண்ணூரிக்கு அதற்குப் பிறகு பெயர் கிடையாது.

இரண்டாவதாக நீங்கள் சொன்னது, ஊர்வலத்தில் வேஷம் கட்டுங்கள், ஜனங்கள் கண்ணால் பார்த்தால்தான் மனசு இளகும் என்று. வோயில் சுற்றுச்சூழல் நாளுக்கு ஊர்வலம் நடக்கும், அதில் சேர்ந்தோம். பன்னிரண்டு மீட்டர் துணி வாங்கி, ஊதாச் சாயம் போட்டு, உங்கள் அக்காள் தைத்தாள். அவளுக்கு அப்போது மண்ணூரி என்றாலே அருவருப்பு, துணியைத் தொடும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தைத்தாள். உள்ளே மகாங்கா முன்னாலும் இன்னும் நான்கு பேர் பின்னாலும் நடந்தார்கள். பார்க்க ஓட்டை வைக்கலாமா என்று தைக்கும்போது அவள் கேட்டாள், மண்ணூரிக்குக் கண் வெளியே கிடையாது, உள்ளதை உள்ளபடி காட்டவேண்டும் என்று நான்தான் கண்டிப்பாகச் சொன்னேன், அது என் தவறு. கடைத்தெரு திருப்பத்தில் ஊர்வலம் இடப்பக்கம் திரும்பியது, மண்ணூரி திரும்பவில்லை, நேராகத் தக்காளிக் கடைக்குள் போய்விட்டது. தக்காளிக்காரி சும்மா விடுவாளா? உள்ளே இருப்பது யார் என்று தெரியாமலேயே ஐந்து பேரையும் தாய் தகப்பனை இழுத்துத் திட்டினாள். அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கும்போது ஒருவர் என் தோளைத் தட்டி, புதுசாகக் குடலில் இறைச்சி அடைத்து விற்கிற கடை திறக்கிறீர்களா, எந்தத் தெருவில் என்று விசாரித்தார். எங்களுக்குப் பின்னால் யாரோ காகிதத்தில் ஒரு யானை செய்து இழுத்து வந்தார்கள். காது ஆடியது, அவ்வளவுதான் அது செய்தது. சந்தை முழுவதும் அதன் பின்னால் போயிற்று.

மூன்றாவது யோசனையை நீங்கள் சொன்னபோதே எனக்குப் பிடிக்கவில்லை. நிதி கொடுப்பவர்களை நேரில் கூப்பிடுங்கள், வந்துவிட்டால் வெறுங்கையோடு போகக் கூச்சப்படுவார்கள் என்றீர்கள். ஆனாலும் எழுதினேன், முகம் கேட்ட அந்த அறக்கட்டளையிலிருந்தே ஒரு அம்மணியும் ஒரு இளைஞரும் கடல் கடந்து வருவதாகப் பதில் வந்தது. நல்ல மனுஷிதான், குறை சொல்ல மாட்டேன். குன்றடிவாரத்தில் வண்டி நின்றபோது புதர் ஓரத்தில் ஒரு குட்டி மான், முயலைவிடக் கொஞ்சம் பெரிசு, முகத்தில் பாதி கண், அசையாமல் நின்று அவர்களைப் பார்த்தது. அம்மணி வண்டியை விட்டு இறங்கவே அரை மணி நேரம் ஆயிற்று, அத்தனை படம் எடுத்தார். மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, நீங்கள் ஏன் அந்த மானைக் காப்பாற்றக் கூடாது என்றுதான். டாக்டர் முவேனி பொறுமையாக, அந்த மான் இந்த நாட்டில் எங்கு பார்த்தாலும் இருக்கிறது, அதற்கு ஒரு ஆபத்தும் இல்லை, இதற்கு இந்த ஒரு குன்றுதான் என்று சொன்னார். அம்மணி புரிந்துகொண்டு தலையாட்டினார். பிறகு நான் அலுமினியத் தட்டில் ஈர மண் போட்டு வைத்திருந்த மண்ணூரியைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். நாற்காலியோடு சேர்ந்து கொஞ்சம் பின்னால் போனார். மரியாதையாகத்தான் போனார்.

அந்த இளைஞர் பேச்சை ஆரம்பிக்கவேண்டுமே என்று, இந்தப் பிராணியைப் பற்றி ஊரில் ஏதாவது கதை உண்டா என்று கேட்டார். நான் ரயில்வேயில் பேசிப் பழகியபடி, அவ்வாறு எதுவும் பதிவில் இல்லை என்று சொன்னேன். அப்போது அடுப்படியில் சோளமாவில் உகாலிக் களி கிண்டிக்கொண்டிருந்த உங்கள் அக்காள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாப்பிள்ளை, நாற்பத்தொரு வருடம் குடும்பம் நடத்திவிட்டேன், அவள் கூட்டத்தில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. டாக்டர் முவேனியைப் பார்த்து, "நான் சொல்றத அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு தாயி" என்றாள். பிறகு சொன்னாள்.

போன மழைக்கு முன்னால் அவரைக்கொல்லையில் கொத்தும்போது ஒரு பெரிய மண்கட்டி பிளந்ததாம், உள்ளே ஒரு மண்ணூரி சுருண்டு கிடந்ததாம். வெட்ட மண்வெட்டியை ஓங்கினவள் அதன்மேல் நூல் நூலாகக் குட்டிகள் ஊர்வதைப் பார்த்தாளாம். குட்டிகள் தாயின் தோலைப் பல்லால் உரித்துத் தின்றுகொண்டிருந்தன. "கொல்லுதுங்கன்னுதான் முதல்ல நெனச்சேன்" என்றாள். "தாய்க்கு ஓட வழி இருந்துச்சு, மண்ணுதான் பொளந்து கெடந்துச்சே. அது ஓடல. ஒரு பக்கம் தின்னு முடிச்சதும் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்குச்சு. நான் மண்வெட்டியக் கீழ போட்டுட்டு அங்கயே உக்காந்துட்டேன்."

டாக்டர் முவேனி அதை வரி வரியாக மொழிபெயர்த்தார். அது உண்மைதான் என்றும், தாய்க்குத் தோல் கொழுப்பேறித் தடித்து வளரும், குட்டிகள் தின்றபின் மறுபடி வளரும், மறுபடி கொடுக்கும், தாய் சாகாது என்றும் சேர்த்துச் சொன்னார். தான் படித்துத்தான் தெரிந்துகொண்டதாகவும், கண்ணால் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். உங்கள் அக்காள், "நானும் நாலு பெத்தேன், நாலும் என்னத் தின்னுதான் வளந்துதுங்க" என்றாள். "இப்ப மொம்பாசாவுல இருக்குதுங்க, ஒரு போனு கெடையாது. இதுங்களாவது பக்கத்துலயே இருக்குதுங்க." சமையலுக்கு உதவ வந்திருந்த பெண்கள் பன்னிரண்டு பேரும் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றார்கள், ஒருத்தியும் சிரிக்கவில்லை. அம்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மனதுக்குள், கிடைத்துவிட்டது, கிலாலோ சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன்.

கிடைக்கவில்லை. ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தான் வாழ்நாளில் கேட்ட மிக அழகான விஷயங்களில் அது ஒன்று என்று அம்மணி எழுதியிருந்தார். ஆனால் தங்களுக்கு நிதி தருபவர்கள் பெரும்பாலும் நாட்காட்டி வாங்கும் குடும்பங்கள், பிள்ளைகள் பார்க்கும் நாட்காட்டியில் தாயின் தோலைத் தின்பதை வைக்க முடியாது, வைக்காமல் இந்தப் பிராணியை விளக்கவும் முடியாது என்று எழுதியிருந்தார். அந்த மானுக்கு ஒரு திட்டம் தயாரித்துக் கொடுத்தால் பரிசீலிப்போம் என்றும் எழுதியிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாட்காட்டியில் மண்ணூரி இருந்தால் நானே வாங்குவேனா என்று யோசித்துப் பார்த்தேன், வாங்கமாட்டேன்.

கடிதத்தை உங்கள் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, மானுக்கு எழுதப் போறீங்களா என்று கேட்டாள். மகாங்கா உட்படக் குழுவில் மூன்று பேர் எழுதலாம் என்கிறார்கள், வருகிறதை வாங்கி மெதுவாக மண்ணூரிப் பக்கம் திருப்பிவிடலாம் என்கிறார்கள் என்றேன். அவள் வெளியே போய் ஊற்றின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, "ஊற்றுக்கு ஒட்டினாப்புல நிக்கிற அந்த வரிசை யாருது?" என்று கேட்டாள்.

உங்களுக்குத் தெரியும் அது யாருடையது என்று. நான் ஓய்வு பெற்ற வருடம் என் கையால் நட்டது. நாற்பது மரம். கம்பங்களாக வெட்டி விற்றுக் கூரையைத் தகரமாக மாற்றலாம் என்று எட்டு வருடமாக ஒவ்வொன்றையும் கட்டிப்பிடித்துப் பருமன் பார்த்துக்கொண்டிருந்தேன். குழுத் தலைவனாக ஏழு மனு எழுதினேனே, ஊர்வலம் போனேனே, ஒரு நாளாவது அந்த மரங்களைப் பற்றி நானாக வாயைத் திறந்தேனா? நிதி வந்தால் நட்ட ஈடு கிடைக்கும், அப்புறம் வெட்டலாம் என்று இருந்தேன். டாக்டர் முவேனிக்குத் தெரியும், மரியாதைக்காகக் கேட்கவில்லை. உங்கள் அக்காளுக்கு அந்த மரியாதை கிடையாது. "அதுக்கு மூஞ்சி இல்லன்னு அவங்க தரல," என்றாள். "உங்களுக்கு மூஞ்சி இருக்குல்ல, நீங்க ஏன் தரல?"

மறுநாள் காலையில் நான் கோடரியைத் தீட்டிக்கொண்டு இருக்கும்போதே அவள் போய்விட்டாள். நான் போய்ச் சேரும்போது அன்றைக்கு அடுப்படி வாசலில் நின்ற பன்னிரண்டு பெண்களும் அங்கே இருந்தார்கள், முதல் மரம் சாய்ந்துவிட்டிருந்தது. கூரையில் ஒரு தகரம் போயிற்று என்று கணக்குப் போட்டேன், மறைப்பதற்கில்லை. ஏழாவது மரத்துக்கு மேல் கணக்கை விட்டுவிட்டேன். மூன்றாவது நாள் மகாங்கா வந்து ஓரமாக நின்று பார்த்துவிட்டு, தன் கொல்லைப் பக்கத்து வரிசையைக் காட்டி, "இதையும் சாய்ச்சிடுங்க, யானை வந்தா ஒளிஞ்சிக்க இடமில்லாம போகட்டும்" என்றார். அவர் காரணம் அவருக்கு. இப்போது ஊற்றோரம் பாதி தூரம் வெட்ட வெளியாக இருக்கிறது. பெண்கள் பால் பையில் நாற்று வளர்த்துக் காட்டத்தி வைத்திருக்கிறார்கள். ஊற்று திரும்பி வந்துவிட்டதா என்று கேட்டால், வரவில்லை. மண்ணை ஒரு சாண் தோண்டினால் விரலுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது, இப்போதைக்கு அவ்வளவுதான். போன வாரம் அந்தக் குளிர்ச்சியில் இரண்டு மண்ணூரி கிடந்தன. மகாங்கா அவற்றை மண்வெட்டியோடு அள்ளி நிழலில் விட்டார், வெட்டவில்லை. கூரை ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம்.

ஆகவே, மாப்பிள்ளை, குழுத் தலைவன் என்ற முறையில் தீர்மானமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். இனி எங்களுக்கு எந்த யோசனையும் வேண்டாம். எந்த அறக்கட்டளைக்கும் இனி மனு எழுதுவதில்லை, மானின் பெயரிலும் எழுதுவதில்லை. நீங்கள் படக்கருவிக்காரரோடு டிசம்பரில் வருவதாகச் சொன்னீர்கள், பிரயாணச் செலவும் சிரமமும் உங்களுக்கு வேண்டாம், வர வேண்டியதில்லை. உங்கள் நல்ல எண்ணத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் வீட்டு அம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவரின் ஆசிகள். உங்கள் சோப்பு நன்றாக விற்கட்டும், உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நிற்காமல் வரட்டும், பிள்ளைகள் தாய்க்கு அடிக்கடி தொலைபேசி செய்பவர்களாக வளரட்டும் என்று ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்,
ஹேபல் கிசோம்பே,
தலைவர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், போய் வந்தேன். பெண்கள் பன்னிரண்டு பேரும் அங்கத்தினராகச் சேர்ந்து, கையைத் தூக்கி, உங்கள் அக்காளைத் தலைவராக்கிவிட்டார்கள். மகாங்காவும் கையைத் தூக்கினார். எனவே மேலே தலைவன் என்ற முறையில் நான் தெரிவித்தது எதுவும் செல்லாது. புதுத் தலைவர் இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு இரண்டு திருத்தம் சொல்கிறார். மனு எழுதுவது நிற்காது, கேட்பதில் வெட்கம் என்ன, நாளைக்கே எட்டாவதை எழுத வேண்டும் என்கிறார். யோசனை விஷயத்தில் மட்டும் நான் எழுதியது சரி என்கிறார். நீங்கள் வருவதைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பிய வரச் சொல்லுங்க. படம் புடிக்கிற ஆளையும் கூட்டிட்டு வரட்டும். நாப்பது மரத்துக்கு நாப்பது வேர் தோண்டணும், ஆள் பத்தல." வெள்ளைச் சட்டை எடுத்து வர வேண்டாம்.

இப்படிக்கு,
ஹேபல் கிசோம்பே,
நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பாளர்.